சார்ஜர் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய சார்ஜிங் நிலையம் திறப்பு என்று படத்தோடு செய்தி வந்தால் ஆசையாகப் படிப்பவன் நான். மின்சாரக் கார் வாங்கி இரண்டு வருடமாகிறது. தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். திறப்பு விழா முடிந்த பிறகு அந்த நிலையங்கள் என்ன ஆகின்றன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். என் காரில் இருப்பது 40 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. உளுந்தூர்பேட்டை வந்தபோது 24 சதவீதம் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு திருச்சி போய்ச் சேர முடியாது. சாலையோர ஓட்டல் ஒன்றின் பின்பக்கம் சார்ஜர் காலியாக இருப்பதாக ஆப் பச்சை காட்டியது. போய்ப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. திரை வெயிலில் வெளுத்துப்போய், எழுத்தே படிக்க முடியவில்லை. "மூணு நாளா இப்படித்தான் சார் இருக்கு. வர்ற வண்டியெல்லாம் திரும்பிப் போகுது" என்றார் ஓட்டல் காவலாளி. ஒட்டியிருந்த உதவி எண்ணுக்கு ஆறு முறை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. வண்டிக்குள் அம்மா, மாத்திரை போடும் நேரம் தாண்டுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மின்சாரக் கால் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. அதன் டிரைவர் சார்ஜரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது ரிப்பேர் இல்லண்ணே, யாரோ எமர்ஜென்சி பட்டனை அமுக்கிட்டுப் போயிருக்காங்க" என்று சொல்லி, பக்கவாட்டில் இருந்த சிவப்புப் பட்டனைப் பிடித்து வலப்பக்கம் திருகினார். 'டப்' என்று வெளியே வந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் சார்ஜர் பச்சைக்கு வந்துவிட்டது. பல லட்ச ரூபாய் இயந்திரம் மூன்று நாள் சும்மா நின்றது இதற்காகத்தான். அந்தப் பட்டனை யார் அமுக்கினார், எதற்கு அமுக்கினார் என்பதும் யாருக்கும் தெரியாது. உண்மையிலேயே ஏதாவது தீப்பொறி பறந்து அமுக்கியிருந்தால்? நாங்கள் திருகியதே தப்பாகியிருக்கும். நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022-லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. சரி, எண்ணிக்கை ஏறட்டும். ஆனால் பெட்ரோல் பங்க்கில் பம்ப் மட்டுமா நிற்கிறது? போடுவதற்கு ஆள் இருக்கிறார், காற்று, குடிநீர், கழிப்பறை, புகார்ப் புத்தகம் எல்லாம் இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. சார்ஜரை மட்டும் ஏன் அநாதையாக விடுகிறார்கள்?

ஆள் இருந்தால் மற்ற தொல்லைகளும் பாதி தீரும். சார்ஜருக்கு நேராக டீசல் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவரைத் தள்ளி நிறுத்தச் சொல்லலாம். மின்சாரக் கார் ஓட்டும் எங்கள் ஆட்களிடமும் குறை இருக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் ஏறும்; பின்னால் இரண்டு வண்டி காத்து நிற்கும்போதும் 100 வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் இன்னொன்று. சார்ஜ் ஏற்றும் வேகம் '60 கிலோவாட்' என்று பெரிதாக எழுதியிருக்கும், வண்டியில் மாட்டும் 'கன்' இரண்டு தொங்கும். பல இடங்களில் இரண்டிலும் வண்டி மாட்டினால் ஆளுக்கு 30தான் வரும். அரை மணியில் முடியும் என்று கணக்குப் போட்டவர் ஒரு மணி நேரம் நிற்பார். இதை முதலிலேயே எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

பணம் கட்டுவதையும் சொல்லியாக வேண்டும். என் போனில் இப்போது ஒன்பது சார்ஜிங் ஆப் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே நூறு, இருநூறு என்று போட்டு வைத்த பணம் தூங்குகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராது. தள்ளுவண்டியில் இளநீர் வாங்கினால்கூட ஸ்கேன் செய்து கொடுக்கிற ஊரில், 400 ரூபாய்க்குச் சார்ஜ் போட நேராக ஸ்கேன் செய்ய முடியாதது என்ன நியாயம்? யூனிட் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கொடுக்கிறோம். பிரிட்டனில் 2023-இல் விதியே போட்டுவிட்டார்கள்: வேகச் சார்ஜர்கள் ஆண்டு முழுவதும் சராசரியாக 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும், எந்த ஆப்பும் இல்லாமல் கார்டைக் காட்டிப் பணம் கட்ட வழி வேண்டும், 24 மணி நேரமும் இலவச உதவி எண்ணில் பேச ஆள் வேண்டும். நம் யுபிஐ வசதியை வைத்துக்கொண்டு நாம் அதைவிடச் சுலபமாகச் செய்யலாம்.

தனியாகச் சம்பளம் கொடுத்து ஆள் போட முடியாது என்று நிறுவனங்கள் சொல்லலாம். வேண்டாம். அந்த ஓட்டல் காவலாளிக்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்து, மாதம் ஒரு தொகையும், எடுத்துப் பேசுகிற ஓர் எண்ணும் கொடுங்கள். எந்தப் பட்டன் எதற்கு என்று அன்று அவர்தான் எங்களிடம் ஆர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பொங்கலுக்குச் சென்னையே கிளம்பி இந்தச் சாலையில் வரும். அதற்குள் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவிலுள்ள நிலையங்களிலாவது இதைச் செய்ய, அரசும் நிறுவனங்களும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்.