வெப்பம் தாங்கும் ஒளியிழை: மேற்பூச்சையும் கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒளியிழைகள் (ஆப்டிகல் ஃபைபர்) குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலிக்கா கண்ணாடி 1,600 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இளகும் என்பதால், வெப்பத்தை அளக்கும் உணரியாக அந்த இழையை எந்த உலைக்குள்ளும் செலுத்திவிடலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் உலோகங்களை வெப்பப் பதனிடும் பட்டறையொன்றின் மேற்பார்வையாளன் என்ற முறையில், சிக்கல் வேறிடத்தில் இருப்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

தொலைத்தொடர்பு இழையின் மேல் பூசப்படும் அக்ரிலேட் என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 85 டிகிரி வரையிலும், பாலிஇமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் 300 டிகிரி வரையிலுமே நீடித்து உழைக்கும். அதற்கு மேல் பூச்சு பழுப்பேறிக் கருகி உதிர்கிறது. உள்ளிருக்கும் தலைமுடி அளவுக் கண்ணாடி, காற்றின் ஈரத்தாலும் நுண்கீறல்களாலும் வலுவிழந்து, கைபட்டாலே ஒடிந்துவிடும். தங்கப் பூச்சு 700 டிகிரி வரை காக்கும் என்றாலும் அதன் விலை எங்களைப் போன்றோருக்கு எட்டாது. 1,000 டிகிரியை நெருங்கினால், இழையின் நடுவே ஒளி செல்லும் உள்ளகத்தில் கலந்துள்ள ஜெர்மானியமே மெல்லப் பரவி, ஒளியை உள்ளே நிறுத்திவைக்கும் அமைப்பைக் குலைத்துவிடுகிறது.

சஃபையர் படிக இழை 2,000 டிகிரிக்குச் சற்று மேல்தான் உருகும். ஆனால் ஒளி வெளியேறாமல் சுற்றி நின்று தடுக்கும் உறையை, அந்த வெப்பத்திலும் நிலைக்கும்படி அதற்கு அமைப்பது இன்னும் கடினமாகவே உள்ளது. உறையில்லாத இழையில் ஒளி பல பாதைகளில் செல்வதால் உணரியின் அளவீடு தெளிவிழக்கிறது. உயர்திறன் லேசர்களிலும் இழைக்குள் சேரும் வெப்பம் முதலில் பூச்சையே பதம்பார்க்கிறது. சிலிக்காவைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் யாக் எனப்படும் யிட்ரியம்-அலுமினிய ஆக்சைடு படிக இழைகளை ஆய்வாளர்கள் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இண்டக்‌ஷன் உலையின் மின்காந்தப் புலம், வெப்பத்தை அளக்கும் உலோகக் கம்பி உணரியான தெர்மோகப்பிளின் அளவைக் குழப்பும்போது, தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்யும் இளைஞர்கள் இரும்பின் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒளியிழைக்கு அந்தக் குழப்பம் இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.

கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் இழை தயாரிக்கும் அனுபவம் இருக்கிறது. ஜெட் எஞ்சின்களை உருவாக்கும் எரிவாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் கைகோத்து, ஆய்வகச் சோதனையோடு நில்லாமல், அன்றாடம் சூடேறிக் குளிரும் உலைகளில் மாதக்கணக்கில் இழைகளைச் சோதிக்க வேண்டும். அதற்கு இடம் தரப் பீன்யாவின் சிறு பட்டறைகளை அணுகினால், பலரும் முன்வருவார்கள் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பீன்யா, பெங்களூரு