மிதாலிக்குப் பன்னிரண்டே டெஸ்ட்: கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், செயலாளர், மகளிர் அணிக்கு அட்டவணை போடுகிறவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற இரவில், கேப்டன் ஹர்மன்ப்ரீத் அதைக் கொண்டுபோய் முன்னாள் கேப்டன் மிதாலி ராஜ் கையிலும் முன்னாள் வேகப்பந்து வீராங்கனை ஜூலன் கோஸ்வாமி கையிலும் கொடுத்தார். நாடே பார்த்தது. அணிக்கு 51 கோடி ரூபாய் பரிசு என்று நீங்கள் அறிவித்தீர்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் விசாகப்பட்டினம் மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு மிதாலியின் பெயரை வைத்தார்கள். எல்லாம் நல்லது, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிதாலிக்கு நீங்கள் பாக்கி வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

ராஜஸ்தானில் பிறந்து செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா விமானப்படைக்காரர். பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்த சிறுமியை, காலையில் எழுந்திருக்கச் சோம்பல்படுகிறாள் என்று அண்ணனோடு கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர்தான். 1999இல் பதினாறு வயதில் அயர்லாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே 114 நாட் அவுட். 2022இல் ஓய்வு பெறும்போது 232 ஒருநாள் ஆட்டம், 7805 ரன். பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில் இதைவிட அதிகமாக யாரும் அடித்ததில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்கள் பாராட்டு அறிக்கைகளிலேயே வந்ததுதான்.

அந்த அறிக்கைகளில் பெரிதாகப் போடாத எண் ஒன்று உண்டு. அவர் ஆடிய டெஸ்ட், அதாவது வெள்ளை உடையில் சிவப்புப் பந்தில் நாள் கணக்கில் நடக்கும் ஆட்டம், மொத்தம் 12. சச்சின் 24 வருஷத்தில் 200 டெஸ்ட் ஆடினார். கிட்டத்தட்ட அவ்வளவு காலம் இந்தியாவுக்காக நின்ற மிதாலிக்குப் பன்னிரண்டு. ஜூலனுக்கும் அதே பன்னிரண்டுதான்.

அந்தப் பன்னிரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எட்டு டெஸ்ட் 2002 ஜனவரிக்கும் 2006 செப்டம்பருக்கும் இடையில் ஆடியவை. அப்போது பெண்கள் கிரிக்கெட்டை நடத்தியது இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம். கையில் காசில்லாத சங்கம். முன்பதிவில்லாத பெட்டியில் கிட்பேக்கோடு போனதையும், பொது விடுதிகளில் தரையில் படுத்ததையும் அந்தக் கால வீராங்கனைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2005 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனபோது ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைத்தது என்று மிதாலியே சொன்னார். அப்படிப்பட்ட சங்கம் ஐந்து வருஷத்துக்குள் அவருக்கு எட்டு டெஸ்ட் கொடுத்தது. 2006 கடைசியில் பெண்கள் கிரிக்கெட் உங்கள் கைக்கு வந்தது. உலகத்திலேயே பணக்கார வாரியம். அதற்குப் பிறகு அவர் ஆடிய பதினாறு வருஷத்தில் நீங்கள் கொடுத்தது நான்கு.

பயணம், ஹோட்டல், சம்பளம் எல்லாம் உங்களிடம் வந்த பிறகுதான் சீரானது, இல்லை என்று சொல்லவில்லை. டெஸ்ட் மட்டும் ஏன் காணாமல் போனது?

ஆடத் தெரியாமலா? 2002 ஆகஸ்டில் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிராக மிதாலி 214 எடுத்தார். வயது 19. முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் கேரன் ரோல்டன் 209 நாட் அவுட் என்று உலக சாதனை வைத்திருந்தார், அது போயிற்று. 407 பந்து, ஏறக்குறைய பத்து மணி நேரம். இங்கிலாந்து மண்ணில் பத்து மணி நேரம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிட்டு, காலுக்கு வருவதைத் தட்டிவிட்டு, மறுபடி கார்டு எடுத்து நிற்பது என்றால் என்ன என்று உங்களில் ஆடியவர்களுக்குத் தெரியும். நான்கு வருஷம் கழித்து அதே டான்டனில் ஜூலன் பத்து விக்கெட் எடுக்க, இந்தியா ஜெயித்தது. இங்கிலாந்தில் நம் பெண்களுக்கு முதல் டெஸ்ட் தொடர் வெற்றி.

அதற்குப் பரிசாக எட்டு வருஷம் ஒரு டெஸ்ட்கூட இல்லை.

2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வோர்ம்ஸ்லியில் மறுபடி வெள்ளை உடை போட்டபோது பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு அதுதான் முதல் டெஸ்ட். கேப்டன் மிதாலி கடைசி இன்னிங்ஸில் 50 அடித்துக் கடைசிவரை நின்றார், இந்தியா ஜெயித்தது. நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்கா வந்தது. நம் சென்னைப் பெண் திருஷ் காமினி 192, பூனம் ரவுத் 130, இன்னிங்ஸ் வெற்றி. அப்புறம் 2021 வரை, ஏறக்குறைய ஏழு வருஷம், எதுவுமே இல்லை. 192 அடித்த காமினிக்கு அதன் பிறகு ஒரு டெஸ்ட் இன்னிங்ஸ்கூடக் கிடைக்கவில்லை. ஆண்கள் அணியில் ஒருவர் 192 அடித்துவிட்டு அடுத்த டெஸ்டுக்கு ஏழு வருஷம் காத்திருப்பதைக் கற்பனை செய்ய முடிகிறதா?

2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தீர்கள். டெஸ்டுக்கு 15 லட்சம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆண்களுக்கு வருஷத்துக்குப் பத்து டெஸ்ட் நடக்கிறது, பெண்களுக்கு ஒன்றோ இரண்டோ, சில வருஷம் அதுவும் இல்லை. நடக்காத ஆட்டத்துக்குச் சமமான சம்பளம் தருவதில் உங்களுக்கு என்ன செலவு?

சரி, பழையதை விடுங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு உங்கள் போக்கு மாறியது, அதையும் சொல்ல வேண்டும். டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் இங்கிலாந்தை 347 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். தீப்தி சர்மா முதல் இன்னிங்ஸில் 7 ரன்னுக்கு 5 விக்கெட். அடுத்த வாரமே வான்கடேயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட் வெற்றி. 2024 ஜூன் கடைசியில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவோடு.

அந்த சேப்பாக்கம் டெஸ்டுக்கு நானும் போயிருந்தேன். முதல் நாள் முடிவில் இந்தியா 4 விக்கெட்டுக்கு 525. ஆண்கள் பெண்கள் யாருமே ஒரு டெஸ்டின் முதல் நாளில் அவ்வளவு அடித்ததில்லை. ஷஃபாலி 205, ஸ்மிருதி 149. இரட்டைச் சதம் அடித்த இரண்டாவது இந்தியப் பெண் ஷஃபாலி. முதலாமவர் மிதாலி, 22 வருஷம் முன்னால். அப்போது ஷஃபாலி பிறக்கவேயில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது பின்னால் நடந்ததுதான். ஸ்நே ராணா எட்டு விக்கெட் எடுத்துத் தென்னாப்பிரிக்காவை ஃபாலோ ஆன் ஆட, அதாவது உடனே இரண்டாவது இன்னிங்ஸையும் ஆட, வைத்தார். ஆட்டம் மூன்றாம் நாளே முடிந்துவிடும் என்றுதான் பக்கத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர்கள் கேப்டன் லாரா வோல்வார்ட் விடவில்லை. ராணா சுற்றி வளைத்து ஆள் நிறுத்துகிறார், இவர் முன்காலை நீட்டிப் பந்தை அப்படியே காலடியில் செத்து விழ வைக்கிறார், கிளவுஸைக் கழற்றுகிறார், மறுபடி மாட்டிக்கொள்கிறார். முந்நூறு பந்துக்கு மேல் ஆடி 122. இன்னொரு பக்கம் சுனே லூஸ் ஒரு சதம். இந்தியா அந்த இன்னிங்ஸில் 150 ஓவருக்கு மேல் போட வேண்டியிருந்தது. சதத்துக்கு நம் ஆட்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இருபது ஓவரில் இதைக் காட்ட முடியாது.

இப்போது 2026க்கான அட்டவணையில் பெர்த்தில் ஒரு டெஸ்ட், லார்ட்ஸில் ஒரு டெஸ்ட் என்று வந்திருக்கிறது. இரண்டும் வெளியூர். அவர்கள் கூப்பிடுகிறார்கள், நாம் போகிறோம். நாம் எப்போது கூப்பிடப் போகிறோம்? நியூசிலாந்துப் பெண்கள் 2004க்குப் பிறகு டெஸ்டே ஆடவில்லை. எதிரணி தயாராக இல்லை என்று உங்கள் தரப்பில் சொல்லலாம். நீங்கள் அழைத்து எந்த வாரியம் வர மறுத்திருக்கிறது? பணமும் காரணமில்லை. ஐந்து மகளிர் ஐபிஎல் அணிகளை 4670 கோடிக்கு விற்றவர்கள் நீங்கள்.

ஆகவே, இங்கே சுற்றுப்பயணம் வரும் ஒவ்வொரு பெரிய அணியோடும் ஒரு டெஸ்டாவது வையுங்கள். அதைவிட முக்கியமாக, ஆண்களுக்கு மாநில அணிகள் நாள் கணக்கில் ஆடும் ரஞ்சிக் கோப்பை இருப்பதுபோல, மாநில அளவில் பெண்களுக்கு ஒரு ரஞ்சி தொடங்குங்கள். 2024இல் புனேயில் மண்டல அணிகளுக்கு மூன்று நாள் ஆட்டங்களை மறுபடி தொடங்கினீர்கள், நல்ல காரியம். ஆனால் மண்டல அணிக்கு வருவதற்கு முன்னால் ஒரு பெண் சிவப்புப் பந்தை எங்கே ஆடிப் பழகுவாள்? திருநெல்வேலியிலோ சேலத்திலோ பதினைந்து வயதில் பந்து போடுகிறவளுக்கு இரண்டாவது ஸ்பெல், மூன்றாவது ஸ்பெல் (ஓய்வுக்குப் பிறகு திரும்ப வந்து தொடர்ந்து சில ஓவர் போடுவது) என்றால் என்னவென்று யார் சொல்லித் தருவது? அந்தக் கோப்பைக்கு மிதாலி பெயர் வையுங்கள். 1976இல் முதல் டெஸ்ட் அணிக்குக் கேப்டனாக இருந்த ஷாந்தா ரங்கசாமி பெயர் வைத்தாலும் சரி.

கடைசியாக ஒன்று, இது சென்னைக்காரனின் சுயநலம். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் என்று ஒன்று இருந்தது. கரும்பும் சாப்பாட்டுக் கூடையுமாகக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்த காலம். ஆண்கள் அணிக்கு இப்போது ஜனவரியில் அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பொங்கல் டெஸ்டைப் பெண்களுக்குக் கொடுத்துவிடுங்கள். மகளிர் ஐபிஎல் தேதியோடு மோதினால் ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். ஜூன் வெயிலில் மட்டும் மறுபடி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சேப்பாக்கம் கேலரியிலிருந்து ஒரு ரசிகன்