முன்பணம் வாங்கும் நாளிலேயே விலையை எழுதித் தாருங்கள்: ஸ்போர்ட்ஸ் கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார்களை விற்கும் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் குறிக்கும் பட்டியல் விலைக்கு மேல் டீலர்கள் வசூலிக்கும் தொகையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எந்த மாடலுக்கு எவ்வளவு கேட்கிறார்கள், கேட்பவர் யார் என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2021-ஆம் ஆண்டின் சிப் தட்டுப்பாட்டின்போது சாதாரணக் குடும்பக் கார்கள் வரை பரவிய இந்த வழக்கம், தட்டுப்பாடு தணிந்த பிறகு அவற்றிலிருந்து பெரும்பாலும் விலகியது. குறைந்த எண்ணிக்கையில் வந்து பலராலும் தேடப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் அது விடவில்லை. எனவே பின்னணியை விட்டுவிட்டு, எனக்கு நேர்ந்ததையும் அதிலிருந்து எழும் ஒரே கோரிக்கையையும் எழுதுகிறேன். முன்பணம் வாங்கும் நாளிலேயே காரின் இறுதி விலையை எழுத்தில் தர வேண்டும் என்று உங்கள் டீலர்களுக்கு விதி செய்யுங்கள். அந்த எழுத்தை மீறும் டீலருக்கு அந்த மாடலின் அடுத்த ஒதுக்கீட்டை, அதாவது விற்பதற்கு நீங்கள் பங்கிட்டு அனுப்பும் கார்களை, கொடுக்காதீர்கள்.

இரண்டு இருக்கைகளும் கையால் மாற்றும் கியரும் கொண்ட ஒரு காருக்காக நான் பதினான்கு மாதங்கள் காத்திருந்தேன். முன்பணமாக 5,000 டாலர் கட்டிய அன்று, பட்டியல் விலைதானே என்று இரண்டு முறை கேட்டேன். ஆம் என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டபோது, கார் வந்த பிறகுதான் விலைத்தாள் போடுவது வழக்கம் என்றார்கள். வழக்கம் என்று சொல்லும்போது அதற்கு மேல் வற்புறுத்துவது மரியாதையாக இராது என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டேன். நிறத்தையும் இருக்கைத் துணியையும் சக்கரங்களையும் நானே தேர்ந்தெடுத்தேன். ஆலையில் வேலை தொடங்கிய நாளில் எனக்குக் கிடைத்த பதினேழு எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் இன்றும் எனக்கு மனப்பாடம்.

கார் வந்துவிட்டது என்று அழைப்பு வந்த சனிக்கிழமை காலை, கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குக் கடன் தரும் கூட்டுறவு அமைப்பு) தந்த கடன் ஒப்புதலை எடுத்துக்கொண்டு போனேன். ஷோரூமின் நடுவே அது நின்றது. இருக்கைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. டாஷ்போர்டின் மேல், இந்த வண்டி விற்பனையாகிவிட்டது என்ற குறிப்போடு என் பெயர் எழுதிய தாள் கிடந்தது. கண்ணாடியில் உங்கள் நிறுவனத்தின் விலைச்சீட்டு. மொத்தம் 64,300 டாலர். அதன் பக்கத்திலேயே, அதே அளவில், அதே எழுத்து வடிவில் இரண்டாவது சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்தது ஒரே வரி: மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது சந்தைத் தேவையைக் காட்டி டீலர் கூட்டும் தொகை, 18,000 டாலர்.

விற்பனை மேலாளர் குரலை உயர்த்தவில்லை, அவமதிக்கவும் இல்லை. இந்த மாடலுக்குக் காத்திருப்போர் பலர் என்றும், பின்னால் நிற்பவர் இந்தத் தொகையைத் தரத் தயார் என்றும், மாலை நான்கு மணிக்குள் முடிவு சொன்னால் போதும் என்றும் அமைதியாகச் சொன்னார். பதினான்கு மாதங்களுக்கு முன் சொன்ன வார்த்தையை நினைவூட்டினேன். அப்படி ஏதும் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். கூடுதல் தொகையைத் தர முடியாது என்று நான் சொன்னதும் ஒரு பணியாளர் வந்து காரின் கதவைத் திறந்து, என் பெயர் எழுதிய அந்தத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தத் தாள் மடிக்கப்பட்ட விதம் இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை. முன்பணம் ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. மூன்று வாரத்திற்குப் பின் அதே அடையாள எண்ணோடு அதே கார், அறுபது மைல் ஓடிய பழைய வண்டியாக, வேறொரு இடத்தில் இன்னும் கூடுதல் விலைக்கு விளம்பரத்தில் வந்தது.

அந்த 18,000 டாலரைத் தந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அது காரில் ஒரு திருகாணியைக்கூடச் சேர்க்காது. வாரண்டியை ஒரு நாள்கூட நீட்டிக்காது. கிரெடிட் யூனியன் பட்டியல் விலையை அடிப்படையாகக் கொண்டே கடன் ஒப்புக்கொண்டதால், அந்தத் தொகை முழுவதும் என் கையிருப்பிலிருந்து போயிருக்கும். அதற்கும் சேர்த்து விற்பனை வரி கட்டியிருப்பேன். பிறகு விபத்தில் கார் முற்றிலும் சேதமானால், காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். டீலருக்கு நான் கொடுத்ததைத் தராது. உங்கள் பொறியாளர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அதில் ஒரு காசும் போய்ச் சேராது. காரை உருவாக்கியவர்களுக்கும் ஓட்டப்போகிறவனுக்கும் நடுவில் நின்று, தாமதமாக ஒட்டிய ஒரு சீட்டின் பேரில் வாங்கப்படும் பணம் அது.

கண்ணாடியில் ஒட்டும் விலைச்சீட்டின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. டீலர்கள் விலையை மனம்போல ஊதிப் பெருக்கியதால், ஓக்லஹோமா மாநிலத்தின் செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று 1958-இல் வாகனத் தகவல் வெளியீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அடிப்படை விலை, கூடுதல் வசதிகளின் விலை, கொண்டுசேர்க்கும் செலவு ஆகிய மூன்றையும் வாங்குபவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கார் வாங்குபவர் கைக்குப் போகும் முன் அந்தச் சீட்டைக் கிழிப்பது இன்றும் குற்றம். கிழிக்கத்தான் தடை, பக்கத்தில் இன்னொன்றை ஒட்டுவதற்குத் தடையில்லை. உங்கள் பெயர் தாங்கிய சீட்டின் மதிப்பை அந்த இரண்டாவது சீட்டு ஒவ்வொரு நாளும் குறைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நீங்கள் கவலையோடு பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நான் எழுதிய மூன்று மடல்களுக்கும் ஒரே பதில் வந்தது: டீலர்கள் தனித்து இயங்கும் வணிகர்கள், விலையை அவர்களே தீர்மானிக்கிறார்கள். இதை முழுவதும் மறுக்க மாட்டேன். டீலர்களை வைத்திருக்கும் நிறுவனம் தானே நேரடியாக விற்க முடியாதபடி பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் துறை தேவைப்படும்போது விற்பனைக்குப் பிறகும் எவ்வளவு தூரம் கை நீட்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஃபோர்டு நிறுவனம் தன் ஜிடி காரை வாங்குவோர் இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தது. அதை மீறியதாகக் கூறி 2017-இல் மல்யுத்த வீரர் ஜான் சீனாவின் மேல் வழக்கே தொடர்ந்தது, மறு ஆண்டு சமரசமாயிற்று. 2022-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கார்வெட் இசட்06 காரை ஓராண்டுக்குள் விற்றால் வாரண்டியின் சில பகுதிகள் அடுத்தவருக்குப் போகாது என்று அறிவித்தது. காரை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், தன் பெயரில் பதிவும் செய்துகொண்ட மனிதரை இரண்டு ஆண்டுகள் கட்டுப்படுத்த உங்கள் துறையால் முடிந்திருக்கிறது. உங்கள் பெயர்ப்பலகையின் கீழ் கடை வைத்திருப்பவரை, அவர் வாயால் சொன்ன விலையில் நிற்க வைக்க முடியாது என்று எங்களிடம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

முடியும் என்பதற்கும் உங்கள் துறையிலேயே சான்று உண்டு. 2018-ஆம் ஆண்டின் டாட்ஜ் டீமன் மொத்தம் 3,300 கார்கள்தான். பட்டியல் விலைக்கோ அதற்குக் குறைவாகவோ விற்கப்பட்ட ஆர்டர்களை முதலில் தயாரிப்போம், கூடுதல் விலைக்கு விற்றவை பின்னால்தான் வரும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2022-இன் தொடக்கத்தில் ஃபோர்டின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி, பட்டியல் விலையை மீறும் டீலர்கள் யார் என்பது தங்களுக்குத் தெரியும் என்றும், வருங்கால ஒதுக்கீட்டில் அது எதிரொலிக்கும் என்றும் வெளிப்படையாகவே சொன்னார். ஆக, கருவி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதன் பெயர் ஒதுக்கீடு.

சட்டம் தடுக்கிறது என்ற பதிலும் வரக்கூடும். உற்பத்தியாளர் உச்ச விலை வரம்பு வைப்பது தன்னளவிலேயே சட்டவிரோதம் ஆகாது, அதன் விளைவை ஆராய்ந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஸ்டேட் ஆயில் எதிர் கான் வழக்கில் 1997-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மாநிலச் சட்டங்கள் ஒன்றுபோல இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் உச்ச விலை வரம்பைக் கேட்கவே இல்லை. டீலர் 18,000 டாலர் கூடுதலாகத்தான் விற்பேன் என்றால், அதை முன்பணம் வாங்கும் அன்றே எழுதிக் கொடுக்கட்டும். அன்றே தெரிந்திருந்தால் நான் வேறு டீலரிடம் போயிருப்பேன், அல்லது அந்தக் காரையே மறந்திருப்பேன். பதினான்கு மாதங்களையாவது இழந்திருக்க மாட்டேன்.

இந்த ஒரு சீட்டோடு நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கு ஒரு தொகை, கண்ணாடியில் காரின் அடையாள எண்ணைப் பொறித்ததற்கு ஒரு தொகை, கேட்காமலே பூசிய வண்ணப் பாதுகாப்புப் பூச்சுக்கு ஒரு தொகை என்று, மறுக்க வழியில்லாதபடி முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அரிய மாடல் வேண்டுமானால் வேண்டாத வேறு கார்களை முதலில் வாங்கிப் பழக்கம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று குறிப்பால் உணர்த்தும் இடங்களும் உண்டு. ஓட்டும் ஆசையால் வருகிறவர் வரிசையில் நிற்க, மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் உள்ளே போய்விடுகிறார். அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கவும் வழியில்லை. பொய்யான விலை விளம்பரத்தையும் பயனற்ற கூடுதல் கட்டணங்களையும் தடுக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் இறுதி செய்த விதியை, நடைமுறைக் குறையைக் காட்டி 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோபத்தில் சொல்ல வந்ததைவிட நீளமாக எழுதிவிட்டேனானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன். முன்பணத்துக்கான ரசீதில், பட்டியல் விலைக்கு மேல் டீலர் கேட்கப்போகும் தொகை எவ்வளவு என்று எழுத ஒரு வரி இருக்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று எழுதட்டும். அந்த ரசீதின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். உங்கள் சொந்த விலை உயர்ந்தால் அந்த உயர்வை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதை நாங்கள் ஏற்போம். எழுதியதற்கு மேல் ஒரு டாலர் கேட்டதாக நிரூபணமானாலும், அந்தக் கடைக்குப் போக வேண்டிய அடுத்த காரை, சொன்ன சொல்லைக் காத்த வேறொரு கடைக்கு அனுப்புங்கள்.

அந்த மாடலை நான் இன்னும் விரும்புகிறேன். இத்தகைய ரசீதைத் தரும் டீலர் ஒருவரை நீங்கள் காட்டினால், மறுநாளே முன்பணத்தோடு அங்கே போய் மீண்டும் வரிசையில் நிற்க ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பதினான்கு மாதங்கள் காத்திருந்த ஒரு வாடிக்கையாளன்