மண்டபத்துக்கு முற்பணம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். உங்கட சுகத்துக்கும் நல்லூரானை மன்றாடுறம். மூலை வீட்டு மாமியின்ர மகன் திங்கட்கிழமை ரொறொன்ரோ திரும்புறான். அவனிட்டை மிளகாய்த்தூள், பனங்கட்டி, குட்டிக்கு எள்ளுருண்டை, அதோடை இந்தக் கடிதமும் குடுத்துவிடுறன். வட்ஸப்பிலை எழுதினதுக்கு நீலக்கோடு ரெண்டும் விழுந்தது, மறுமொழி வரேல்லை. வேலை கூடவாக்கும். கடிதம் எண்டால் ஆறுதலாய் இருந்து வாசிக்கலாம். உடனை மறுமொழி போடவேணும் எண்டுமில்லை.

ஆனால் மண்டபத்துக்காரருக்கு மறுமொழி சொல்லவேணும்.

நல்லூர்த் திருவிழா நேரம் கதைக்கேக்கை, குட்டியின்ர அரங்கேற்றத்தை ஊரிலை வைப்பம் அப்பா, டிசெம்பர் விடுமுறைக்கு வாறம், மண்டபம் பாருங்கோ எண்டு சொன்னனீ. அண்டையிலை இருந்து எனக்கு இதுதான் உத்தியோகம். பென்சன் எடுத்தாப்பிறகு இப்பிடி அலைஞ்சு திரிஞ்சதில்லை. உங்களைக் கண்டவுடனை வாச்சர்மாரே கதிரையைத் துடைச்சுப் போடுறாங்கள் எண்டு அம்மா பகிடி.

முதல் கலாசார மையத்தைப் பாத்தன். நீ கடைசியாய் வரேக்கை அது தகரவேலிக்குள்ளை அரைகுறையாய் நிண்டது. நூலகத்துக்குப் பக்கத்திலை, புல்லுக்குளத்தடியிலை, இப்ப பதினொரு மாடி. இந்தியா கட்டித் தந்தது. 2023 மாசியிலை எங்கட சனத்திட்டை விட்டவை. 2025 தையிலை திருவள்ளுவரின்ர பேர் வைச்சவை. வைச்ச புதுசிலை "யாழ்ப்பாணம்" எண்ட சொல்லைக் காணேல்லை எண்டு பேப்பரெல்லாம் ஒரே கதை. எனக்கு வள்ளுவரோடை கோவமில்லை. ஊரின்ர பேரும் பக்கத்திலை நிண்டால் அவர் குறைஞ்சு போயிடுவாரே?

மண்டபம் நல்ல வடிவு. 600 பேர் இருக்கலாம். மேடையும் அகலம், தில்லானாவுக்குக் குட்டி மூலைக்கு மூலை போய் வரலாம். ஆனால் 600 கதிரைக்கு ஆக்களுக்கு நான் எங்கை போக? எங்கட ஆக்கள் பாதி லண்டன், பாதி உங்கட பக்கம். முன்னுக்கு நாலு வரிசை நிரம்பி, பின்னுக்கு முழுக்க வெறுங்கதிரை எண்டால் பிள்ளை மேடையிலை நிண்டு அதைத்தானே பாக்கும். நல்லூர் இளங்கலைஞர் மண்டபம் எங்களுக்கு அளவு. ஊர்ச்சனம் கோயிலுக்கு வந்த கையோடை வந்து இருக்கும். வீரசிங்கம் மண்டபத்தை நான் விசாரிக்கேல்லை. 1974 தை 10 இரவு, தமிழாராய்ச்சி மாநாட்டிலை சனம் செத்த அண்டைக்கு, அதுக்கு முன்னாலை நிண்டவன் நான். உனக்குத் தெரியும்தானே, திரும்ப எழுதேல்லை. அந்த நாளுக்கு வாற தையிலையும் தூபியிலை விளக்குக் கொளுத்துவினம், நான் போவன். சலங்கைச் சத்தத்தை அங்கை கொண்டு போக மனமில்லை.

வெறும் மண்டபத்தைப் பாத்து என்ன விளங்கும்? நிகழ்ச்சி நடக்கேக்கை போயிருந்து பாக்கவேணும். அப்பதான் பின்வரிசைக்குப் பாட்டுக் கேக்குதோ, அம்மாவின்ர முழங்காலுக்குப் படி ஏத்தமோ எண்டெல்லாம் தெரியும். அதாலை இப்ப எந்த நிகழ்ச்சியையும் விடுறதில்லை. வாற சனி பின்னேரம் தவில் தட்சிணாமூர்த்தியைப் பற்றி ஒரு பேச்சு. அம்மா இப்பவே சீலை எடுத்து வைச்சிட்டா, இணுவிலாக்களுக்கு அந்தப் பேர் காணும். இந்தியாவிலை பெரிய பெரிய நாதஸ்வரக்காரரெல்லாம் இவர் பக்கத்திலை இருக்கவேணும் எண்டு கேட்டுக் கூப்பிட்டவை. 1975இலை, நாப்பத்திரண்டு நிறைய முதலே போயிட்டார். அம்மப்பா விடியவிடிய அவரின்ர தவிலைக் கேட்டுப்போட்டு வந்தால் அடுத்த நாள் முழுக்க அவரின்ர கை திண்ணையிலை தட்டிக்கொண்டே இருக்கும், நீயும் கேள்விப்பட்டிருப்பாய். குட்டிக்கு ஜதி சொல்லிக் குடுக்கேக்கை இந்தக் கதையளையும் சொல்லு. அவளின்ர தாளம் வானத்திலை இருந்து விழுந்ததில்லை.

அதுக்குப் பிறகு ஒரு கிழமைக்குப் பழைய நாற்சார் வீடுகளின்ர படக் கண்காட்சி. எங்கட வீட்டையும் ஒரு பெடியன் வந்து எடுத்தவன். நடுமுற்றத்திலை காயப்போட்ட மிளகாயோடை, கொடியிலை தொங்கின என்ர சாரத்தோடை அப்பிடியே எடுத்திட்டான். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. முற்றம் கூட்டாமல் படமெடுக்க விட்டனீங்களோ எண்டு ஒரு மாதத்துக்குக் கேப்பா. தவக்காலம் வந்தால் திருமறைக் கலாமன்றத்தின்ர இயேசுவின் பாடுகளின் நாடகம் இருக்கும். அதுக்கு நீங்கள் நிக்கமாட்டியள். நிண்டால் பாக்கலாம். குட்டிக்குப் பள்ளிக்கூடம் எண்டு தெரியும், இருந்தாலும் இஞ்சையும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே. சும்மா சொன்னனான்.

வெளிநாட்டுப் பிள்ளையளின்ர அரங்கேற்றமும் ரெண்டு மூண்டு பாத்தன். பிள்ளையள் நல்லாய் ஆடுதுகள், குறை சொல்லக்கூடாது. பெரியாக்கள்தான் ஆக்கினை. ஆறு மணி எண்டு போட்டால் ஏழேகாலுக்கு அலாரிப்பு. அதுக்கிடையிலை வரவேற்புரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை. அவர் இவருக்குப் பொன்னாடை, இவர் அவருக்குப் பொன்னாடை. அந்தப் பிள்ளை உடுப்பெல்லாம் உடுத்திக்கொண்டு, சலங்கையும் கட்டிக்கொண்டு, வேர்வையிலை மை கரைய உள்ளுக்கை நிக்குது. பேந்து வர்ணத்திலை மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? அரை மணித்தியாலத்துக்கு மேலை போற உருப்படி. எங்கட குட்டிக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு பேச்சு, அதுவும் அவளின்ர குருவின்ர. பொன்னாடை பக்கவாத்தியக்காரருக்கு மட்டும். குட்டிக்கு முட்டை, கீரை குடு. காலமை வெறும் வயித்தோடை ஆட விடாதை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டுக்கு இராமநாதன் நுண்கலைக்கழகத்திலை படிச்ச ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறன். குரல் நல்ல கனம், பதத்துக்குப் பொருந்தும். உங்கட மகளுக்கும் எங்கட கழகத்திலை இடம் கிடைச்சதாமே அங்கிள் எண்டு கேட்டா. ஓம் எண்டன். மருதனார்மடத்தாலை போற நேரமெல்லாம் அந்தக் கடிதத்தை நீ சைக்கிளிலை கொண்டோடி வந்தது ஞாபகம் வரும். அதே கிழமைதான் கனடாச் சம்பந்தமும் வந்தது. நல்ல இடம் எண்டு சொன்னதும் நான்தான், அம்மாவில்லை. அங்கை போயும் ஆடலாம்தானே எண்டு சொன்னதும் நான்தான். நீ ஆடேல்லை, உன்ர பிள்ளை ஆடுறாள். அதிலை எனக்கு இருக்கிற பெருமையை ஊரிலை கேட்டுப்பார். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லிப்போட்டு, ரெண்டு மாதமாய் ஒரு சொல்லும் இல்லாமல் இருக்கிறது சரியோ?

அதை விடு. போன ஞாயிறு கூத்துக்குப் போனம். வெளியரங்கிலை அரிச்சந்திரன் மயான காண்டம். காங்கேசன்துறை வசந்த கான சபா கோயில் கோயிலாய்ப் போட்ட காலத்திலை நடிகமணி வி. வி. வைரமுத்துவைப் பாத்த ஆக்களுக்கு இப்பத்தைப் பெடியளின்ர குரல் பத்தாது. அவர் 1989இலை போனார், இப்பவும் எங்கட வயதுக்காரர் அவரை வைச்சுத்தான் எல்லாரையும் அளக்கிறது. அது இந்தப் பெடியளுக்கு அநியாயம்தான். ஆர்மோனியம் நல்லாய் இருந்தது. சந்திரமதி லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு தனிய சுடலைக்கு வாறாள். காவல்காரன் கால்பணமும் முழத்துண்டும் கேக்கிறான். என்னட்டை ஒண்டும் இல்லை எண்டு அழுகிறாள். அப்ப உன்ர கழுத்திலை கிடக்கிற தாலியை வித்துத் தா எண்டுறான். அது ஆரின்ர கண்ணுக்கு மட்டும் தெரியிற தாலி எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் அந்த இடத்திலை எழும்பி வெளியாலை வந்திட்டன். குளத்தடியிலை நல்ல காத்து. அம்மா பின்னாலை வந்து ஏன் எண்டா. நுளம்பு எண்டன். அவவும் பேந்து ஒண்டும் கேக்கேல்லை. குட்டியின்ர பிறந்தநாளுக்கு நீ அனுப்பின படம் அவவின்ர ஃபோனிலையும் கிடக்குத்தானே. விரலாலை இழுத்துப் பெருப்பிச்சுப் பாக்கிற வித்தையை மூலை வீட்டுப் பெடியன் அவவுக்கும் காட்டிக் குடுத்திட்டான். அங்கை வேலைக்குப் போற பிள்ளையள் எல்லாம் கழட்டித்தான் வைக்கிறவை எண்டு ரெண்டு நாள் கழிச்சுத் தானாய்ச் சொன்னா. நான் ஓம் எண்டன்.

இந்தப் பார்சலைப் பழைய விலாசத்துக்கே அனுப்பவோ எண்டு மச்சாளைக் கேட்டனான். "மாமா, என்னட்டைத் தாங்கோ, நான் குடுக்கிறன்" எண்டாள். நானும் விலாசத்தைத் திருப்பிக் கேக்கேல்லை. மச்சாளோடை நீ கதைக்கிறாய் எண்டதே எனக்குப் பெரிய ஆறுதல். அவளுக்காவது சொல்லு. சாப்பிடு. குளிர் துவங்கியிருக்கும், இரவிலை வேலையாலை தனிய வராதை, ஆரையேன் கூட்டிக்கொண்டு வா.

மார்கழியிலை நல்ல காரியம் துவங்கக்கூடாது எண்டு சின்னத்தை நிக்கிறா. திருவெம்பாவைக் காலத்திலை ஆடினால் ஆடவல்லான் கோவிப்பாரோ எண்டு கேட்டன். வாயை மூடிட்டா. எண்டாலும் அம்மாவுக்காக, மார்கழி பிறக்க முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திருக்கிறன். உனக்கு லீவு கிடையாட்டில் தைப்பொங்கல் கழிச்சும் வைக்கலாம். அடுத்த வருசம் வைச்சாலும் குட்டியின்ர கால் எங்கையும் போகாது. வாறதுதான் முக்கியம். ஆட்டம் இல்லாமல் வந்தாலும் வாங்கோ. மேற்கறை வெள்ளை அடிச்சாச்சு, கட்டிலும் போட்டாச்சு.

இனி அழைப்பிதழ். "கனடாவில் வசிக்கும் திரு. திருமதி இன்னார் தம்பதிகளின் செல்வப் புதல்வி" எண்டுதான் எல்லாரும் அடிக்கிறவை. அச்சகத்திலை மாதிரி காட்டினவை. அந்த ஒரு வரியை வெறுமையாய் விடச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். மருமகனின்ர பேரும் வாறதோ, உன்ர பேர் மட்டுமோ, இல்லாட்டில் என்ர பேரும் அம்மாவின்ர பேரும் போட்டு எங்கட பேத்தி எண்டு அடிக்கிறதோ, நீ எழுதுற மாதிரி. எது எழுதினாலும் நான் ஏன் எண்டு கேக்க மாட்டன். சபையிலை ஆரும் கேட்டால் அவைக்கு நான் மறுமொழி சொல்லுவன், பென்சன்காரனுக்கு வேறை என்ன வேலை?

20ஆம் திகதிக்குள்ளை முற்பணம் கட்டவேணும். எந்த மண்டபம், எந்தத் திகதி, அந்த வரியிலை என்ன. இந்த மூண்டையும் எழுது. மூண்டும் எழுத ஏலாட்டில் மூண்டாவதை மட்டும் எழுது, மற்றதை நானே பாத்துக்கொள்ளுறன்.

அன்புடன்
அப்பா

பி.கு.: மிளகாய்த்தூளைக் கெதியாய்ப் போய் எடு. போனமுறை மச்சாள் பாதியைத் தன்ர போத்தலுக்கை போட்டிட்டாள். அம்மா இன்னும் அதை மறக்கேல்லை.