முதல் மணி நேரத்தில் எந்த எண்ணை நம்புவது?

ஆசிரியருக்கு,

காய்ச்சலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்கு, பாக்டீரியாத் தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரோகால்சிடோனின் என்ற புரதத்தைப் பரிசோதித்து, மில்லிக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ‘செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) இல்லை’ என்று நிம்மதி அடைவது ஆபத்து. கிருமித் தாக்குதல் தொடங்கி ஏறத்தாழ 4 மணி நேரம் கழித்தே இது ரத்தத்தில் ஏறத் தொடங்கும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனை இன்னும் மந்தம், உச்சம் தொட 2 நாள் ஆகும். காலையில் குளிர்நடுக்கம் கண்டு மதியத்துக்குள் வந்துவிடுபவரைத்தான் எளிதாகக் காப்பாற்ற முடியும். அவருடைய முதல் ரிசல்ட்டே நம்மை ஏமாற்றிவிடலாம். பெரிய விபத்து, தீக்காயம், அறுவை சிகிச்சை ஆகியவற்றில் பாக்டீரியா இல்லாமலேயே புரோகால்சிடோனின் ஏறுவதும் உண்டு. ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதா என்று முடிவெடுக்க இதை நம்ப வேண்டாம் என்று 2021-இன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. எப்போது நிறுத்தலாம் என்பதற்கு இது நன்றாகவே உதவும்.

முதல் மணி நேரத்துக்கு உரியது லாக்டேட், அதாவது திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள். லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் எச்சரிக்கை, 4-ஐத் தொட்டால் ரத்த அழுத்தம் சரியாக இருந்தாலும் ஆபத்துதான். ஆனால் ரத்தம் எடுக்கும் விதத்திலேயே இந்த எண் கெட்டுப்போகும். சிவப்பணுக்கள் டியூபுக்குள் போன பிறகும் சர்க்கரையைச் சிதைத்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சாதாரண டியூபில் எடுத்து மேஜைமேல் அரை மணி நேரம் வைத்தால் எண் பொய்யாக ஏறிவிடும். சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு டியூபில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கையை இறுகக் கட்டிவிட்டு ‘மூடித் திறங்க’ என்று சொல்வதும் கூடாது. லாக்டேட்டை உடனே காட்டும் ரத்த வாயு இயந்திரம் பக்கத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, சிரை ரத்தமே போதும்.

சல்பூட்டமால் நெபுலைசர், வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு ஆகியவையும் லாக்டேட்டை ஏற்றும். அதனால் ஒற்றை எண்ணோடு நிற்காமல் 2 முதல் 4 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இடையில் ரத்த ஓட்டத்தை அறிய, விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு, நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு, ஆன்டிபயாடிக்குக்கு முன் 2 செட் ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மில்லி வேண்டும். 3 மில்லி மட்டும் ஊற்றிவிட்டு ‘கிருமி வளரவில்லை’ என்ற முடிவை நம்புவதில் பொருளில்லை. கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க முடியாமல் 45 நிமிடம் ஓடிவிடும் என்றால் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். அதிலும் புரோகால்சிடோனின் ஏறும், லாக்டேட்டும் ஏறும், ஆனால் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக்குகளான செஃப்ட்ரையாக்ஸோனும் மெரோபெனமும் அதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் வேண்டும். தீவிர நோயில் அதோடு அசித்ரோமைசினையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது மேல் என்பதை, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் உண்ணி கடித்த கருத்த பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க வேண்டும், புரோகால்சிடோனினோ லாக்டேட்டோ இதைச் சொல்லாது.

தாலுகா மருத்துவமனைகளுக்குப் புரோகால்சிடோனின் கிட் வாங்கும் முன், சாம்பல் மூடி டியூபும் கல்ச்சர் பாட்டிலும் இரவு 2 மணிக்கும் கையில் கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும்.

அவசர சிகிச்சை மருத்துவர்,
மதுரை