ஒலிப்பதிவை ஏற்றுக்கொண்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பருவத்துக் குறும்படத்தில் இயக்கத்தையும் ஒளிப்பதிவையும் நண்பர்கள் எடுத்துக்கொண்டதால், வேறு வழியின்றி ஒலிப்பதிவை ஏற்றதாக வருத்தத்துடன் எழுதியிருக்கிறாய். படத்தொகுப்பையே பிழைப்பாகக் கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் வரும் மாணவர் படங்களில் பெரும்பாலானவை ஒலியால்தான் கெடுகின்றன. ஃபோகஸ் தவறிய ஷாட்டைக்கூடப் பார்வையாளர் உத்தி என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் பொறுக்கவே மாட்டார்.

படம்பிடிக்கும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் முதலில் அதை அணைத்துவிடு. அதன் கம்ப்ரசர் ஒரு டேக்கில் ஓடி, அடுத்த டேக்கில் நின்றிருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது வெட்டிய இடம் அப்பட்டமாகக் காதில் விழும். மீண்டும் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். சாவியில்லாமல் வீடு திரும்ப முடியாதல்லவா! அதேபோல, ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் ஓசையை, ஒரு நிமிடமாவது பதிவுசெய்துகொள். இயக்குநர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வசனங்களுக்கு நடுவே வெறுமையை விட்டால் ஸ்பீக்கர் பழுதானதுபோல் தோன்றும். அந்த இடைவெளியை நிரப்ப அந்த அறையின் ஓசையைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

ஒலியைப் பதிவுசெய்வதற்கான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவுகளை உங்கள் ஆசிரியரே சொல்லியிருப்பார். ஹெட்போனைக் கழற்றாதே என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

பேசும்படம் பரவத் தொடங்கிய 1928-இல் சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும் வெளியிட்ட அறிக்கை, ஒலி வெறுமனே காட்சியை ஒட்டிச் செல்லாமல் அதற்கு எதிராக நின்று இயங்க வேண்டும் என்று வாதிட்டது. வகுப்பில் அதைத் தேர்வுக்குரிய கோட்பாடாகப் படித்திருப்பாய். நீ எழுதியிருந்த சண்டைக் காட்சியில், கேமரா பேசுகிறவரைக் காட்டாமல் கேட்பவரின் முகத்திலேயே நிற்க, குரல் மட்டும் அடுத்த அறையிலிருந்து வந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பார். அப்படியொரு யோசனையை முன்வைக்கக் குழுவில் உன்னைவிடத் தகுந்தவர் இல்லை.

ஆகவே, திரைக்கதை முடிவாவதற்குள் இயக்குநருடன் உட்கார்ந்து, எந்தக் காட்சிக்கு எந்த ஓசை தேவை என்று குறித்துக்கொள். படப்பிடிப்பு அட்டவணை வந்தபின் இதைக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது. குறிப்பை எனக்கும் அனுப்பு. பதிவுகளை அனுப்பும்போது இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாமல் மூலக் கோப்புகளாகவே அனுப்பினால்தான் நான் உருப்படியாக ஏதேனும் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா