தோட்டத்தைத் துளைக்குமுன் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பொயிலரைக் கழற்றிவிட்டு, நிலத்தின் சூட்டை எடுத்து வீட்டுக்குத் தரும் நிலத்தடி ஹீட் பம்ப் பொருத்துவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அரசு 7,500 பவுண் மானியம் தருகிறது என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சிலர் நிறுவனங்களிடம் விலை கேட்கத் தொடங்கிவிட்டார்கள். லண்டன் வீடுகளில் வெப்பமூட்டும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது.

தொழில்நுட்பத்தில் குறை இல்லை. இங்கிலாந்தில் பத்து மீற்றர் ஆழத்துக்குப் போனால் கோடையிலும் பனிக்காலத்திலும் நிலத்தின் வெப்பநிலை பெரிதாக மாறாது. 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரை இருக்கும். குழாயில் சுற்றிவரும் உறையாத திரவம் அந்த வெப்பத்தை மேலே கொண்டுவர, பம்ப் அதை உயர்த்தி வீட்டுக்குத் தருகிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பம் கிடைக்கும்.

ஆனால் குழாய் புதைக்க நிலம் எங்கே? கிடையாகப் புதைப்பதென்றால் ஒன்றரை மீற்றர் ஆழத்தில் பல நூறு சதுர மீற்றர் காணி வேண்டும். பின்வளவில் பாதியை அறை நீட்டியும், மீதியைச் சீமெந்து போட்டும் மூடிவிட்ட வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. செங்குத்தாகத் துளைப்பதென்றால் 100 மீற்றரைத் தாண்டும். வீடு பெரிதானால் இரண்டு துளைகள் வேண்டும். துளையிடும் இயந்திரம் பின்பக்கம் போகப் பாதை வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் வரவேற்பறை வழியாகவா அதைக் கொண்டுபோவது? செலவைக் குறைக்கக் குழாயின் நீளத்தைக் குறைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நிலம் இழந்த சூட்டைக் கோடையில் மீட்க முடியாமல் ஆண்டுக்காண்டு குளிர்ந்துபோகும், பம்பின் திறனும் விழும். பிறகு தோண்டித் திருத்துவது எளிதல்ல.

இதைவிட முக்கியம் சுவர். 1920க்கு முன் கட்டிய லண்டன் வீடுகள் பலவற்றில் சுவருக்குள் இடைவெளியே கிடையாது, முழுச் செங்கல். சூடு அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். பொயில‌ர் 70 பாகை நீரை ரேடியேற்றருக்கு, அதாவது அறையைச் சூடாக்கும் சுவர்த் தகட்டுக்கு, அனுப்பி அதை ஈடுகட்டுகிறது. ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடுவது 35 முதல் 50 பாகைக்குள்தான். உங்கள் வீடு அதைத் தாங்குமா என்று அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. உறைபனி விழும் ஒரு வாரத்தில், பொயிலரிலிருந்து ரேடியேற்றருக்குப் போகும் நீரை 50 பாகைக்குக் குறைத்துவையுங்கள். வீடு கதகதப்பாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். குளிர்ந்தால் கூரையையும் சுவரையும் சன்னலையும் கவனியுங்கள், ரேடியேற்றரைப் பெரிதாக்குங்கள். தனி வெந்நீர்த் தொட்டி உள்ளவர்கள் மட்டும் கவனம்: கிருமி வளராதிருக்கத் தொட்டி நீர் 60 பாகைக்குக் குறையக் கூடாது. குழாயைத் திறந்தவுடன் நீரைச் சூடாக்கித் தரும், தொட்டியே இல்லாத கொம்பி பொயிலர்காரர்கள், ஹீட் பம்புக்குத் தொட்டி தேவை என்பதால் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கவேண்டி வரும்.

கூரைக்கும் இடைவெளியுள்ள சுவருக்கும் வெப்பக்காப்பு, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் வேலைகளை, முடித்திருக்க வேண்டும் என்று முன்பு இருந்த மானிய நிபந்தனையை 2024இல் நீக்கிவிட்டார்கள். நிபந்தனை போயிற்று, தேவை போகவில்லை. விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார்.

மின்கட்டணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இங்கே ஓர் அலகு மின்சாரம் எரிவாயுவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. நல்ல பொயிலர் எரிவாயுவில் பத்தில் ஒன்பது பங்கை வெப்பமாக்குகிறது. ஆகவே ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்றரை அலகுக்கு மேல் வெப்பம் வந்தால்தான் மாதச் செலவு குறையும். மூன்றுதான் வருகிறதென்றால் கூடும். துளையிடுதலோடு 25,000, 30,000 பவுண் கேட்கும் வேலைக்கு 7,500 கழித்தாலும் கையிலிருந்து போவது பெருந்தொகை.

யாருக்குப் பொருந்தும்? எரிவாயுக் குழாய் வராத கிராமத்தில் எண்ணெய் எரிப்பவர், காணி உள்ளவர், தரைக்கடியில் சூடேற்றும் குழாய் பதித்துப் புதிதாக வீடு கட்டுபவர். இவர்கள் தயங்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு, வெப்பக்காப்பு முடிந்தபின், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் காற்று ஹீட் பம்ப் போதும். அதற்கும் அதே 7,500 மானியம் உண்டு.

தனித்தனியாக முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. வட லண்டன் என்ஃபீல்டில் கவுன்சிலின் எட்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பொதுத் துளைகள் இட்டு, ஒவ்வொரு வீட்டிலும் சிறிய பம்ப் வைத்திருக்கிறார்கள். கோர்ன்வாலின் ஸ்டிதியன்ஸ் கிராமத்தில் தெருவிலேயே துளையிட்டு வீடுகளை இணைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் நெருங்கி வாழும் தெருக்களில் இதைக் கவுன்சிலிடம் கேட்க வேண்டும்.

விலைச் சீட்டோடு அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கை, அதாவது குளிரில் ஒவ்வோர் அறையும் எவ்வளவு சூட்டை இழக்கும் என்ற கணக்கை, தராத எவரிடமும் கையெழுத்திட வேண்டாம் என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது என்று அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்குவீர்களானால், மாதிரி ஒன்றைத் தயாரித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
ஹாரோ, லண்டன்